கருவுக்கு எப்போது உயிர்? கோர்ட்டுகள் சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

கருக்கலைப்புச் சட்டம் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் "அதெல்லாம் இருக்கட்டும், உயிர் எப்போ வருதுன்னு மொதல்ல சொல்லுங்க" என்று மடக்குவார். இதற்கு நேரடியாகப் பதில் சொன்ன நீதிமன்றங்கள் மிகக் குறைவு. சொன்ன இடங்களிலும் அந்தப் பதிலோடு வழக்கு முடிந்துவிடவில்லை. ஏன் அப்படி என்பதைத்தான், வழக்கமாக வரும் கேள்விகளை வைத்துக்கொண்டு கீழே பார்க்கிறோம்.

உயிர் எப்போது தொடங்குகிறது என்று அறிவியல் முடிவாகச் சொல்லிவிட்டதா?

கருவுக்கு உயிர் உண்டா என்றால் உண்டு. அதில் தகராறே இல்லை. ஆனால் சேர்வதற்கு முன்பே கருமுட்டைக்கும் உயிர் இருந்தது, விந்தணுவுக்கும் இருந்தது. உயிரில்லாத ஒன்று சட்டென்று உயிர் பெறும் நொடி என்று எதுவும் அங்கே கிடையாது. புதிதாக உருவாவது ஒரு மரபணுச் சேர்க்கை. அதுவும் ஏறத்தாழ ஒரு நாள் நடக்கும் வேலை. அது கருப்பைச் சுவரில் பதிய இன்னும் ஒரு வாரம் ஆகும். பதியாமலே, நாள் தள்ளிப்போனது கூடத் தெரியாமல் கழிந்துபோகும் கருக்கள் ஏராளம். சுமார் 14 நாள் வரை ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகவும் வாய்ப்பு இருக்கிறது. ஒன்றா இரண்டா என்றே முடிவாகாத ஒன்றை 'ஒரு ஆள்' என்று எண்ணலாமா? பிரிட்டனில் 1984இல் வார்னாக் குழு, ஆய்வகத்தில் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று பரிந்துரைத்ததற்குப் பின்னால் இந்த யோசனையும் இருந்தது.

அதற்கப்புறம் துடிப்பு, அசைவு, மூளை இணைப்புகள், வெளியே பிழைக்கும் திறன், பிறப்பு என்று படிகள் வருகின்றன. அறிவியல் இந்தப் படிகளை அளந்து கொடுக்கும். எந்தப் படியில் நின்று "இனி இது நம்மில் ஒருவர்" என்று சொல்வது என்பது மைக்ரோஸ்கோப்பில் தெரிகிற விஷயம் இல்லை.

தமிழில் பேசும்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. விபத்தில் நாலு உயிர் போனது என்றால் நாலு ஆள். செடி காயவில்லை, உயிர் இருக்கிறது என்றால் வெறும் இயக்கம். உயிர் பிரிந்தது என்றால் ஆன்மா. ஒருவர் ஒரு பொருளில் கேட்பார், மற்றவர் வேறு பொருளில் பதில் சொல்வார். இருவரும் தாங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு போவார்கள்.

ஆறாவது வாரத்திலேயே இதயம் துடிக்கிறதே, அது போதாதா?

முதலில் அந்த ஆறு வாரம் எப்படி வந்தது என்று பாருங்கள். கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதுதான் மருத்துவ வழக்கம். 'முழுகாமல் இருக்கிறாள்' என்று பேச்சில் சொல்வதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஆகவே கருத்தரித்த அன்றே தாளில் 'இரண்டு வார கர்ப்பம்' ஆகிவிடுகிறது. ஆறு வாரம் என்றால் கருவின் வயது நான்கு வாரம், நாள் தள்ளிப்போய் வெறும் இரண்டு வாரம். மாதவிலக்கு ஒழுங்காக வராதவருக்குச் சந்தேகம்கூட வந்திருக்காது.

அந்த நாட்களில் ஸ்கேன் திரையில் ஒரு சின்ன மினுக்கல் தெரியும். அது பொய்யில்லை. ஆனால் நாம் கேட்கும் 'டப் டப்' ஒலி ஸ்கேன் கருவி உண்டாக்கித் தருவது. வால்வும் அறைகளுமாக முழு இதயம் அப்போது உருவாகியிருக்காது. 2021இல் டெக்சாஸ் இந்த மினுக்கலையே எல்லைக்கோடாக வைத்துச் சட்டம் போட்டது. கருக்கலைப்புக்கு உதவியவர் மீது யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம், ஜெயித்தால் குறைந்தது 10,000 டாலர் கிடைக்கும் என்பது அதன் விசித்திரம். போலீஸுக்கு வேலையே இல்லை.

உயிர் இருக்கிறது என்றால் உரிமையும் இருக்கத்தானே வேண்டும்?

வாதத்தின் முடிச்சே இங்கேதான் விழுகிறது. சட்டம் 'உயிர்' என்ற சொல்லோடு 'நபர்' என்ற இன்னொரு சொல்லையும் வைத்திருக்கிறது. நபர் என்றால் உரிமைகளும் வழக்காடும் தகுதியும் உள்ள ஆள். கம்பெனிக்கு உயிர் கிடையாது, ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது நபர்.

கருவைச் சட்டம் முழுக்க மறந்துவிடவும் இல்லை. இந்திய இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவைப் பாருங்கள். ஒருவர் இறக்கும்போது வயிற்றில் இருந்த குழந்தைக்கும் சொத்தில் பங்கு உண்டு, ஆனால் அது உயிரோடு பிறக்க வேண்டும். ரோமானியச் சட்டக் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. உரிமையை ஓரமாக எடுத்து வைத்திருப்பார்கள், பிறந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு வழக்குகள். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஒரு மருத்துவமனையின் செயற்கைக் கருத்தரிப்புப் பிரிவுக்குள் நோயாளி ஒருவர் நுழைந்துவிட்டார். உறைய வைத்திருந்த கருக்களை வெறும் கையால் எடுத்தார். கடுங்குளிரில் கை பொத்துப்போகவே அப்படியே தரையில் போட்டுவிட்டார். கருக்களுக்கு உரிய தம்பதிகள் வழக்குப் போட்டார்கள். மைனர் குழந்தையின் மரணத்துக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும் 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே இருந்தது. உறைபெட்டியில் இருக்கும் கருவும் அந்தச் சட்டப்படி குழந்தைதான் என்று 2024 பிப்ரவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே பல மருத்துவமனைகள் சிகிச்சையை நிறுத்திவிட்டன. ஒரு குழாய் உடைந்தால் மரண வழக்கு வரும் என்றால் யார் தொழில் செய்வார்? மூன்று வாரத்துக்குள் சட்டமன்றம் ஓடிவந்து மருத்துவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஆனால் கரு குழந்தையா இல்லையா என்ற இடத்தை அது தொடவே இல்லை!

இன்னொன்று அயர்லாந்து. பிறவாத உயிரைக் காப்போம் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருந்த காலத்தில், பிரிந்துபோன ஒரு தம்பதிக்கு உறைநிலையில் மூன்று கருக்கள் இருந்தன. தன் வயிற்றில் வைக்க வேண்டும் என்றார் மனைவி, சம்மதிக்க மாட்டேன் என்றார் கணவர். கருப்பைக்குள் போகாத கரு 'பிறவாத உயிர்' ஆகாது என்று 2009இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு இடத்திலும் பேச்சு ஒரே பொருளைப் பற்றித்தான். ஒரு ஊரில் அது குழந்தை, இன்னொரு ஊரில் இல்லை.

அமெரிக்காவின் 'ரோ எதிர் வேட்' தீர்ப்பு, உயிர் எப்போது என்று சொன்னதா?

இல்லை. சொல்ல மாட்டோம் என்று வெளிப்படையாக எழுதிய தீர்ப்பு அது. டெக்சாஸ் மாநிலத்தின் கருக்கலைப்புத் தடைச் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன அந்தத் தீர்ப்பு, 1973 ஜனவரி 22 அன்று ஏழு நீதிபதிகள் ஒரு பக்கமும் இருவர் எதிர்ப்பக்கமுமாக வந்தது. தீர்ப்பை எழுதியவர் ஹாரி பிளாக்மன். மருத்துவரும் தத்துவவாதியும் மதவாதியும் ஒத்துப்போகாத விஷயத்தில் நீதிமன்றம் ஊகம் செய்ய வேண்டியதில்லை என்பது அவர் சொன்னதன் சாரம்.

அவர் பார்த்தது வேறு. அமெரிக்க அரசியலமைப்பில் 1868இல் சேர்ந்த 14ஆவது திருத்தம், உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த நபரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. கரு அந்த 'நபர்' என்றால் வழக்கு அங்கேயே முடிந்தது. அரசியலமைப்பு எங்கெல்லாம் 'நபர்' என்கிறதோ அங்கெல்லாம் தேடிப்பார்த்துவிட்டு, அது பிறந்தவர்களையே குறிக்கிறது என்று முடிவுசெய்தார். ஒரு அடிக்குறிப்பில் டெக்சாஸ் அரசிடம் அவர் கேட்டது எனக்கு மிகவும் பிடிக்கும்: கரு ஒரு நபர் என்றால், தாயின் உயிரைக் காக்க மட்டும் கலைக்கலாம் என்று உங்கள் சட்டமே எப்படி விலக்குக் கொடுக்கிறது? கலைத்துக்கொண்ட பெண்ணுக்கு ஏன் அதில் தண்டனை இல்லை?

அந்தரங்க உரிமையில் இந்த முடிவும் அடங்கும் என்று கொண்டு, கர்ப்பத்தை மும்மூன்று மாதமாகப் பிரித்தது தீர்ப்பு. முதல் மூன்று மாதம் பெண்ணும் மருத்துவரும் பார்த்துக்கொள்ளலாம். அடுத்து, பெண்ணின் உடல்நலம் கருதி அரசு விதி போடலாம். கரு வெளியே பிழைக்கும் நிலைக்கு வந்தபின், தாயின் உயிருக்கோ நலத்துக்கோ ஆபத்து இல்லாவிட்டால் தடையே போடலாம். 1992இல் வந்த கேசி வழக்கு இந்த மூன்று மாதக் கணக்கைக் கைவிட்டது, பிழைக்கும் திறன் என்ற கோட்டை மட்டும் வைத்துக்கொண்டது. அந்தக் கோட்டை எட்டும்வரை பெண்ணின் வழியில் பெருந்தடை போடக் கூடாது என்பது புதிய அளவுகோல்.

ரோவை ரத்துசெய்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு கருவை மனிதராக ஏற்றுக்கொண்டதா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் இல்லை. 15 வாரத்துக்கு மேல் தடை போட்ட மிசிசிப்பி மாநிலத்தின் சட்டம் பற்றிய டாப்ஸ் வழக்கு அது. 2022 ஜூன் 24 அன்று சாமுவேல் அலிட்டோ எழுதிய தீர்ப்பு ரோவை ரத்துசெய்தது. அரசியலமைப்பில் எழுதாத ஒரு உரிமை உண்டு என்றால், அது நாட்டின் வரலாற்றில் ஆழ வேரூன்றியிருக்க வேண்டும். இது அப்படி இல்லை, 1868இல் பெரும்பாலான மாநிலங்கள் கருக்கலைப்பைக் குற்றமாக வைத்திருந்தன என்பது அவர் வாதம். மாறுபட்ட மூன்று நீதிபதிகளின் பதில் கூர்மையானது: 1868இல் அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்ததெல்லாம் ஆண்கள், பெண்களுக்கு ஓட்டே கிடையாது. அன்றைய பார்வையோடு கட்டிப்போட்டால் பெண்கள் என்றைக்கும் அன்றைய நிலையில்தான் இருப்பார்கள்.

தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 15 வாரச் சட்டம் செல்லும் என்றார், ரோவை முழுக்கக் கவிழ்க்கும் பேச்சுக்கு மட்டும் அவர் வரவில்லை. அதனால்தான் சில இடங்களில் 6-3 என்றும் சில இடங்களில் 5-4 என்றும் படிக்கிறீர்கள்.

கரு நபரா என்ற கேள்வியை இந்தத் தீர்ப்பும் எடுக்கவில்லை. மக்கள் பிரதிநிதிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அதன்பின் நடந்தது யாரும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. மரபான கன்சாஸ் மாநிலத்திலேயே 2022 ஆகஸ்ட் வாக்கெடுப்பில், உரிமையை நீக்கும் திருத்தம் தோற்றது. மனித உயிர் கருத்தரிப்பில் தொடங்குகிறது என்று 1986லேயே சட்டத்தின் முகப்பில் எழுதிவைத்த மாநிலம் மிசௌரி. அங்கேயும் 2024 நவம்பரில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் திருத்தம் சிறு வித்தியாசத்தில் ஜெயித்தது. உயிர் கருத்தரிப்பில் தொடங்குகிறது என்று நம்பும் எல்லோரும் தடைக்கு ஓட்டுப்போடுவதில்லை போலும்.

அரசியலமைப்பிலேயே 'கருவுக்கு உயிர் உரிமை உண்டு' என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீருமா?

எழுதிப்பார்த்த நாடு அயர்லாந்து. 1983இல் வாக்கெடுப்பு நடத்தி, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு எட்டாவது திருத்தத்தைச் சேர்த்தார்கள். பிறவாத உயிருக்கும் தாய்க்கும் சமமான உயிர் உரிமை என்பது அதன் மையம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிரசவத்தில் சிக்கல் என்றால் "பெரிய உசுரக் காப்பாத்துங்க" என்று வீட்டார் கதறுவார்களே, அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் செய்தது அந்த 'சமம்'.

1992இல் வல்லுறவால் கர்ப்பமான 14 வயதுச் சிறுமி ஒருத்தி கருக்கலைப்புக்காக இங்கிலாந்து போகக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. அவள் தற்கொலை செய்துகொள்ளும் நிலையில் இருந்தாள். தற்கொலை அபாயமும் உயிருக்கு ஆபத்துதான் என்று உச்ச நீதிமன்றம் தடையை நீக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு, வெளிநாடு போகும் சுதந்திரத்தை இந்தத் திருத்தம் தடுக்காது என்று இன்னொரு திருத்தம் போட்டார்கள். கப்பலேறிப் போய்ச் செய்துகொள்ளலாம், உள்நாட்டில் கூடாது. உயிருக்கு உயிர் சமம் என்று நிஜமாகவே நம்பும் ஒரு நாடு இப்படியா எழுதும்?

2012 அக்டோபரில் 17 வார கர்ப்பத்தோடு கால்வே நகர மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார் பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனவர். கரு நிலைக்காது என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் துடிப்பு இருக்கும்வரை முடியாது என்றார்கள். காத்திருந்த நாட்களில் நோய்த்தொற்று இரத்தத்தில் பரவி 28ஆம் தேதி இறந்துபோனார். வயது 31. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கலைக்கலாம் என்றுதான் சட்டம் இருந்தது. எவ்வளவு ஆபத்து வந்தால் 'ஆபத்து' என்பதை, வழக்குக்குப் பயந்துகொண்டே படுக்கை ஓரத்தில் நின்று தீர்மானிக்க வேண்டியவர் ஒரு டாக்டர்.

2014 டிசம்பரில் மூளைச்சாவு அடைந்த ஒரு இளம் தாயின் உடலை இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். வயிற்றில் நாலு மாதக் கரு. அதற்கும் உயிர் உரிமை உண்டே என்று மருத்துவர்களுக்குக் கருவியை நிறுத்தப் பயம். பெண்ணின் அப்பா கோர்ட்டுக்குப் போனார். அந்தக் கரு பிழைக்க வழியே இல்லை என்ற மருத்துவச் சாட்சியத்தைக் கேட்டபின், டிசம்பர் 26 அன்று நீதிபதிகள் நிறுத்த அனுமதித்தார்கள். 2018 மே 25 வாக்கெடுப்பில் எட்டாவது திருத்தத்தை நீக்க 66.4 சதவீதம் பேர் ஓட்டுப்போட்டார்கள். 35 வருடம் முன்பு சேர்க்க விழுந்த ஓட்டும் கிட்டத்தட்ட இதே சதவீதம்தான்.

கருவுக்கு உயிர் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டபின் கருக்கலைப்பை அனுமதிக்க முடியுமா?

முடியும் என்று ஜெர்மனி காட்டியது. 1975இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், முதல் 12 வாரம் தடையில்லை என்ற புதிய சட்டத்தைச் செல்லாது என்றது. கருத்தரித்த 14ஆம் நாள் முதலாவது மனித உயிர் இருக்கிறது, அதற்கும் அரசின் பாதுகாப்பு உண்டு என்று எழுதியது. நாஜிக் காலத்தில் 'வாழத் தகுதியற்ற உயிர்' என்று முத்திரை குத்திக் கொன்ற நாடு அது, அந்த நினைவு தீர்ப்பிலேயே இருக்கிறது. 1993இல் இரண்டாவது தீர்ப்பு. கருவைக் காக்கும் கடமை அப்படியே இருக்கிறது, ஆனால் தாயை எதிரியாக்கி அந்தக் கடமையை நிறைவேற்ற முடியாது என்ற எண்ணம் இதில் வந்தது. ஆகவே, ஆலோசனை பெற்று மூன்று நாள் பொறுத்து, 12 வாரத்துக்குள் கலைத்துக்கொண்டால் அது சட்டவிரோதம், ஆனால் தண்டனை இல்லை. தர்க்கப்படி பார்த்தால் வழவழா. நடைமுறையில் முப்பது வருடத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது.

இன்னொரு கோணமும் உண்டு, கருக்கலைப்புக்கே சம்பந்தமில்லாத ஒரு வழக்கிலிருந்து. 1978இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எலும்பு மஜ்ஜை செயலிழந்த ஒருவர் சாகக் கிடந்தார். பொருந்தக்கூடியவர் என்று தெரிந்தது அவருடைய நெருங்கிய உறவினர் ஒருவர் மட்டும். முதல் பரிசோதனைக்கு வந்தவர் அதற்குமேல் மாட்டேன் என்றுவிட்டார். கட்டாயப்படுத்துங்கள் என்று நோயாளி கோர்ட்டுக்குப் போனார். அந்த உறவினர் செய்வது அறமே இல்லை என்று நீதிபதி கடுமையாகச் சொன்னார், ஆனாலும் ஒருவர் உடலை இன்னொருவருக்காக எடுக்கச் சட்டத்தால் உத்தரவிட முடியாது என்று மனுவைத் தள்ளினார். சில வாரத்தில் நோயாளி இறந்தார். அவர் உயிருள்ளவரா, நபரா என்று யாருக்கும் சந்தேகமே இல்லை.

என்னைக் கேட்டால் விவாதத்தின் உண்மையான கேள்வி இங்கேதான் இருக்கிறது. ஒரு உயிரைக் காக்க இன்னொருவர் உடலை அரசு எந்த அளவுக்கு வற்புறுத்தலாம்? 'உயிர் எப்போது' என்று கேட்கும்போது இந்தக் கேள்வி கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது, அந்த உடலுக்குச் சொந்தக்காரியும் சேர்ந்து நழுவிவிடுகிறாள்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதமே இல்லையா?

இருக்கிறது, லேசாகத் தள்ளிவிட முடியாது. மஜ்ஜை தர மறுப்பது உதவாமல் இருப்பது. கருக்கலைப்பு செயலால் ஒன்றை முடிப்பது. உறவினருக்கு இல்லாத பொறுப்பு தாய்க்கும் தகப்பனுக்கும் உண்டு. பிறந்த குழந்தையைப் பட்டினி போட்டால் சட்டம் சும்மா விடுமா? அப்புறம், கர்ப்பம் முழுவதும் ஒரே ஆள்தான் படிப்படியாக வளர்கிறார், நடுவில் எங்கே கோடு போட்டாலும் அது நம் வசதிக்குப் போடுவது, வசதிக்கு ஏற்றபடி 'இவர் ஆள் இல்லை' என்று முடிவெடுத்த சமூகங்களின் கதை நமக்குத் தெரியும் என்பார்கள். இந்தக் கடைசி வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. இதற்கு என்னால் தரமுடிந்த பதில்: கோடு தெளிவாக இல்லை என்பதால் இரண்டு முனைகளும் ஒன்றாகிவிடாது. விடியும் நிமிடத்தை யாராலும் சுட்டிக்காட்ட முடியாது, ஆனால் நள்ளிரவும் நண்பகலும் வேறுதான். அதனால்தான் பல நாடுகளின் சட்டம் நாள் ஏற ஏறக் கருவின் பக்கம் எடையைக் கூட்டிக்கொண்டே போகிறது.

கருக்கலைப்புச் சட்டங்களில் அடிக்கடி வரும் 24 வாரக் கணக்கு எங்கிருந்து வந்தது?

கருப்பைக்கு வெளியே பிழைக்க முடியுமா என்பதிலிருந்து. 1973இல் 24 முதல் 28 வாரம் என்று மதிப்பிட்டார்கள். இன்று நல்ல வசதியுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவில் 22, 23 வாரத்தில் பிறந்த குழந்தைகளும் பிழைக்கின்றன. அதாவது கோடு கருவிடம் இல்லை, பக்கத்தில் எந்த இன்குபேட்டர் இருக்கிறது என்பதில் இருக்கிறது. மருத்துவம் முன்னேற முன்னேற இந்த ஏற்பாடு தன்னைத்தானே மோதிக்கொள்ளும் என்று அமெரிக்க நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் 1983லேயே எழுதினார். ஆனாலும் இதற்கு ஒரு நியாயம் உண்டு: அந்த நிலைக்கு வந்தபின் கருவைக் காக்க அந்த ஒரு பெண்ணின் உடல்தான் வேண்டும் என்றில்லை, வேறு யாராலும் முடியும்.

இந்தியாவில் கருக்கலைப்பு உரிமையா, அனுமதியா?

எழுத்தில் அனுமதி. கருக்கலைப்பு இன்றும் குற்றம்தான். 1860இன் தண்டனைச் சட்டம் 312ஆவது பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆவது பிரிவுக்கு வந்திருக்கிறது. குழந்தையின் அசைவு தெரிந்தபின் செய்தால் கூடுதல் தண்டனை என்ற பழைய ஆங்கிலேயக் கணக்கும் கூடவே வந்துவிட்டது. அதற்கு விலக்காக 1971இல் வந்தது மருத்துவ ரீதியான கருக்கலைப்புச் சட்டம். சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையில் உருவான அது, உரிமை என்று பேசுவதே இல்லை. மருத்துவர் நல்லெண்ணத்தோடு செய்தால் குற்றமாகாது என்கிறது, அவ்வளவுதான். 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இருவர் வேண்டும், அதுவும் வல்லுறவுக்கு ஆளானவர், சிறுமி, நடுவில் விதவையானவர் அல்லது விவாகரத்தானவர் போன்ற சில பிரிவினருக்கு மட்டும். அதற்கு மேல், கருவில் பெருங்குறை இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் உண்டு. தாயின் உயிரை உடனடியாகக் காக்க வேண்டும் என்றால் வாரக் கணக்கே இல்லை.

உரிமை என்ற சொல் கோர்ட் வழியாக வந்தது. குழந்தை பெறுவதும் பெறாதிருப்பதும் அரசியலமைப்பின் 21ஆவது கூறு தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 செப்டம்பர் 29 அன்று, மணமாகாத பெண்ணுக்கும் அந்த 24 வாரம் பொருந்தும், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை கணவர் செய்யும் வல்லுறவும் வல்லுறவுதான் என்று தீர்ப்பளித்தது.

அடுத்த வருடமே சோதனை வந்தது. இரண்டு குழந்தைகளின் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். தாய்ப்பால் கொடுத்த காலத்தில் மாதவிலக்கு வராததால் மூன்றாவது கர்ப்பமே தெரியவில்லை. தெரிந்தபோது 24 வாரம் தாண்டியிருந்தது. 2023 அக்டோபர் 9 அன்று இரண்டு நீதிபதிகள் அனுமதி கொடுத்தார்கள். மறுநாள் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல்: கரு பிழைக்கும் நிலையில் இருக்கிறது, துடிப்பை நிறுத்திவிட்டு எடுப்பதா, உயிரோடு எடுப்பதா என்று வழிகாட்டுங்கள். 11ஆம் தேதி அதே இரண்டு நீதிபதிகள் பிரிந்தார்கள். ஹிமா கோலி தன் மனசாட்சி இடம் தரவில்லை என்றார். பி.வி. நாகரத்னா பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்று நின்றார். மூன்று நீதிபதிகளிடம் போன வழக்கு, 16ஆம் தேதி மனு தள்ளுபடியாகி முடிந்தது. ஏழே நாளில் அனுமதி வந்தது, போனது. உரிமை என்று தீர்ப்பில் இருந்தாலும் சட்டம் அனுமதி என்ற அச்சில் வார்த்ததாக இருந்தால், கடைசியில் பேசுவது அந்த அச்சுதான்.

இலங்கையில் நிலைமை இதைவிட இறுக்கம். அங்கே தண்டனைச் சட்டத்தின் 303ஆவது பிரிவுப்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே கலைக்கலாம்.

கணவர் சம்மதம் வேண்டுமா?

இந்தியச் சட்டத்தில் வேண்டாம். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும். மருத்துவமனையில் கணவர் கையெழுத்துக் கேட்பது பழக்கமாக இருக்கலாம், சட்டம் கேட்கவில்லை. அமெரிக்காவில் கணவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பென்சில்வேனியா விதியைக் கேசி வழக்கு செல்லாதாக்கியது. கனடாவில் முன்னாள் காதலர் ஒருவர் வாங்கிய தடையை 1989இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வழக்கு முடிவதற்குள் அந்தப் பெண் எல்லை தாண்டிப்போய்க் கருவைக் கலைத்துக்கொண்டுவிட்டார்.

மதங்கள் எல்லாம் கருத்தரிப்பிலேயே உயிர் என்றுதானே சொல்கின்றன?

அப்படி ஒரே குரல் கிடையாது. இஸ்லாமியச் சட்ட மரபில் 120 நாள் கணக்கு பலமானது, 40 நாள் என்பவர்களும் உண்டு. யூத மரபில் முதல் 40 நாள் கரு வெறும் நீர் போல. கத்தோலிக்கத் திருச்சபையிலும் உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு என்ற வேறுபாடு நெடுநாள் இருந்து, தண்டனை விதிகளிலிருந்து 1869இல்தான் நீங்கியது.

கருக்கலைப்பை அரசியலமைப்பிலேயே எழுதிய நாடு உண்டா?

பிரான்ஸ். 2024 மார்ச் 4 அன்று வெர்சாயில் இரு அவைகளும் கூடி 780க்கு 72 என்ற ஓட்டில் 34ஆவது கூறைத் திருத்தின. 'உரிமை' என்று எழுதக் கீழவை விரும்பியது, 'சுதந்திரம்' போதும் என்றது செனட். கடைசியில் 'உத்தரவாதமான சுதந்திரம்' என்று முடித்துக்கொண்டார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பேச்சு.

கோடே போடாமல் ஒரு நாடு இருக்க முடியுமா?

கனடா இருக்கிறது. 1988இல் மார்கண்டாலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தை ரத்துசெய்தது. அரசு புதிய மசோதா கொண்டுவந்தது, கீழவையில் அது தேறியது. 1991 ஜனவரி 31 அன்று செனட்டில் 43க்கு 43 என்று சமமாக நின்றது. சமம் என்றால் தோல்வி என்பது அவை விதி. அதற்கப்புறம் எந்த அரசும் மசோதாவாகக் கொண்டுவரத் துணியவில்லை. "அப்போ எட்டாம் மாசத்துலயும் கலைக்கலாமா?" என்று உடனே கேட்பார்கள். குற்றவியல் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மருத்துவர்களுக்கென்று தொழில்முறை விதிகள் இருக்கின்றன, அவ்வளவு தாமதமாகச் செய்யும் மருத்துவர்கள் மிக அரிது, செய்ய நேர்வதும் பெரும்பாலும் கருவில் பெருங்குறை இருக்கும்போதோ தாய்க்கு ஆபத்து வரும்போதோதான்.

கொலைக் குற்றத்துக்காக மட்டும் அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 223ஆவது பிரிவில் ஒரு கோடு இருக்கிறது. தாயின் உடலிலிருந்து குழந்தை முழுவதுமாக, உயிரோடு வெளியே வந்த கணம் முதல் அது மனிதர். மூச்சு விட்டதா, தொப்புள்கொடி அறுத்தாயிற்றா என்றெல்லாம் பார்க்க வேண்டியதில்லை.